கீமோவுக்கு முன் கேட்க வேண்டிய ரிப்போர்ட்

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது என்று தெரிந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கீமோ எப்போது தொடங்குவார்கள், டாக்டர்?" என்பதுதான். கூடவே கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: கட்டியின் மரபணு ரிப்போர்ட் வந்துவிட்டதா?

அதற்கு ஏன் இவ்வளவு எடை என்பதைச் செடுக்சிமாப் மருந்தின் கதை சொல்லிவிடும். செல்லுக்கு 'வளர்' என்ற கட்டளையை வாங்கிக் கொடுக்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற வாசலை அடைக்கிற மருந்து அது. வாசலுக்கு உள்ளே இருக்கும் கே-ராஸ் மரபணுவே பழுதாகி, ஓயாமல் அந்தக் கட்டளையைப் போட்டுக்கொண்டிருந்தால் வாசலை அடைத்து என்ன பயன்? மற்ற மருந்துகள் தீர்ந்துபோன நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. கே-ராஸ் பழுதாகாதவர்களின் இடைநிலை ஆயுள் 4.8 மாதத்திலிருந்து 9.5 மாதமாகக் கூடியது. பழுதானவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த பானிடுமுமாபை ஆக்சாலிபிளாட்டின் கீமோவுடன் சேர்த்துக் கொடுத்த ஆய்விலோ, கே-ராஸ் அடங்கிய ராஸ் குடும்ப மரபணுக்கள் பழுதானவர்களின் ஆயுள் குறைந்தே போனது. பரவிய நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ராஸ் குடும்பத்தில் பழுது உண்டு. ரிப்போர்ட் பார்க்காமல் இந்த ஊசியைப் போடவே கூடாது.

சோதனைக்கு மறுபடி சதை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பயாப்ஸித் துணுக்கை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். 'பிளாக்' என்று சொல்வது அதைத்தான், தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மருத்துவமனை மாறும்போது ஸ்கேன் ஃபிலிம்களை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் பிளாக்கை மறந்துவிடுகிறார்கள். எடுத்துப்போக வேண்டியவற்றில் முதன்மையானது அதுதான்.

அந்தப் பிளாக்கில் முதலில் செய்யக்கூடிய மலிவான சோதனை, சாயமேற்றிப் பார்ப்பது. மரபணுப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் இருந்தால், மைக்ராஸ்கோப்பில் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். சுற்றியுள்ள நல்ல செல்கள் பழுப்பாக இருக்க, கட்டியின் செல்கள் மட்டும் வெளிறிய நீலமாக நின்றால் திருத்தும் பொறி கெட்டுவிட்டது என்று பொருள். சில நாளில் முடிவு வந்துவிடும். ராஸ், பி-ராஃப், ஹெர்2 ஆகிய மரபணுக்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கும் பேனல் சோதனைக்குச் செலவும் கூடுதல், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். நோய் முற்றியிருந்தால் அதுவரை கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் பொருத்தமான ஊசியைச் சேர்த்துக்கொள்ளலாம். சாய ரிப்போர்ட்டுக்கு மட்டும் காத்திருப்பது நல்லது.

காரணம், திருத்தும் பொறி கெட்டவர்களுக்குப் பாதையே வேறு. பரவிய நோயில் இவர்கள் நூற்றில் ஐந்து பேர்தான். 2020-இல் வெளியான ஆய்வில், கீமோ பெற்றவர்களிடம் நோய் மேலும் வளராமல் நின்றது இடைநிலையாக 8.2 மாதம், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களிடம் 16.5 மாதம். எல்லோருக்கும் அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பத்தில் மூன்று பேருக்குத் தொடக்கத்திலேயே நோய் வளர்ந்தது. இந்தப் பழுது பரம்பரையாக வருவதும் உண்டு என்பதால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

பி-ராஃப் வி600இ மாற்றம் வெகுகாலம் கெட்ட செய்தியாகவே இருந்தது. எங்கோராஃபெனிப் மாத்திரையும் செடுக்சிமாபும் சேர்ந்த கூட்டு அதை மாற்றத் தொடங்கியிருக்கிறது. கீமோவோடு தொடக்கத்திலேயே இந்தக் கூட்டைக் கொடுத்த ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது: இடைநிலை ஆயுள் 30.3 மாதம், வழக்கமான சிகிச்சையில் 15.1. ஹெர்2 மிகுதியாக இருப்பவர்கள் நூற்றில் மூன்று பேர் அளவுதான். அவர்களுக்கும் தனி மருந்துகள் உண்டு.

கட்டி இருக்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ராஸ் நன்றாக இருந்தாலும், வலப்பக்கப் பெருங்குடலில் தோன்றிய கட்டிக்கு முதல் சிகிச்சையாகச் செடுக்சிமாப் வகை பெரிதாக உதவுவதில்லை. அங்கே பெவாசிசுமாப் என்ற வேறு மருந்தின் பக்கமே மருத்துவர்கள் சாய்கிறார்கள்.

இந்தக் கணக்கை அப்படியே குடல்வால் புற்றுநோய்க்குப் போடுவதுதான் பெரிய பிழை. நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் 1993-இல் இந்த அரிய நோயால்தான் இறந்தார். இதில் வீரியம் குறைந்த சளிக் கட்டிகளில் ஜி-நாஸ் என்ற மரபணு மாற்றம் மிகச் சாதாரணம். அது செல்களைச் சளி சுரக்க வைக்கிறது. வயிறு மெல்ல மெல்ல ஊதுகிறது. வயிற்றுக்குள் பரவிவிட்டது என்று கேட்டவுடன் நான்காம் நிலைப் பெருங்குடல் நோயைப் போல நாள்களை எண்ணத் தொடங்க வேண்டியதில்லை. சளியையும் நோய் பரவிய வயிற்றுப் படலத்தையும் முழுக்க அகற்றி, சூடான கீமோ திரவத்தால் வயிற்றைக் கழுவும் ஹைபெக் சிகிச்சை பெற்ற 2,298 பேரின் தரவு 2012-இல் வெளியானது. இடைநிலை ஆயுள் 16.3 ஆண்டு.

அதே ஹைபெக், பெருங்குடலிலிருந்து வயிற்றுப் படலத்துக்குப் பரவிய நோயில் கைகொடுக்கவில்லை. பிரெஞ்சு ஆய்வொன்றில் அறுவை சிகிச்சையோடு ஆக்சாலிபிளாட்டின் ஹைபெக் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 41.7 மாதம், அறுவை மட்டும் பெற்றவர்களுக்கு 41.2. ஆயுளைக் கூட்டியது கத்திதான்.

குடல்வால் நோயாளி முதலில் கேட்க வேண்டியது வீரியம் குறைந்ததா, கூடியதா என்பதை. குறைந்த வகைக்கு வழக்கமான கீமோவால் பலன் மிகக் குறைவு. கூடிய வகையில் டிபி53 என்ற மரபணுவில் மாற்றமும் சேர்ந்திருந்தால் நோய் வேகமாகப் போகும். ரத்தத்தில் மரபணு தேடும் சோதனை இங்கே அடிக்கடி ஏமாற்றும். வயிற்றுப் படலத்தோடு நிற்கிற நோய் ரத்தத்தில் தடயம் விடுவது குறைவு. பிளாக் சோதனையில் 'மாற்றம் ஏதுமில்லை' என்று வந்தாலும், அந்தத் துணுக்கில் புற்றுச் செல்கள் எத்தனை சதவீதம் இருந்தன என்று கேட்க வேண்டும். சளியே நிறைந்து செல் அரிதாகக் கிடக்கும் துணுக்கென்றால், வேறு பிளாக்கில் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லலாம்.