இருட்டில் எழுதிய குறிப்புகள்

கிடர்பூரிலிருந்து மைதானத்தின் புல்வெளியை ஒட்டி எஸ்பிளனேடு வரை ஓடிய டிராம் வண்டியைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். அவ்வண்டி சென்று சேரும் இடத்திற்கு அருகில், சௌரங்கிச் சாலையில், மெட்ரோ திரையரங்கம் நிற்கிறது. ஹாலிவுட்டின் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் 1935ஆம் ஆண்டு அதனைத் திறந்தது. தாமஸ் லாம்ப் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார். நேர்க்கோடுகளும் எளிய வடிவங்களும் கொண்ட அப்பாணிக்கு ஆர்ட் டெக்கோ என்று பெயர். உள்ளே இன்று கடைகள் வந்துவிட்டன. முகப்பு மட்டும் பழைய தோற்றத்தைக் காட்டுகிறது.

இத்தகைய அரங்குகளில் ஹாலிவுட் படங்களைத் தேடித் தேடிப் பார்த்த ஓர் இளைஞர் அக்காலக் கொல்கத்தாவில் இருந்தார். அவர் சத்யஜித் ரே. தமிழ் ஏடுகள் ‘ரே’ என்று எழுதும் அப்பெயரைக் கொல்கத்தாவில் வாழும் மாணவர்கள் ‘ராய்’ என்றே கேட்டிருப்பர்.

ரே 1921ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் பிறந்தார். அச்சும் ஓவியமும் அவருடைய வீட்டுச் சொத்து. பாட்டனார் உபேந்திரகிஷோர், படங்களை அச்சிடும் நுட்பத்தில் புதுமைகள் கண்டவர். 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். வங்க மொழியில் சந்தேஷ் என்பது செய்தியையும் குறிக்கும், இனிப்பையும் குறிக்கும். சிறுவர் இதழுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. தந்தை சுகுமார், சிரிப்பூட்டும் பாடல்களால் புகழ்பெற்றவர். ரேக்கு மூன்று வயது நிரம்புவதற்கு முன்பே அவர் மறைந்தார். தாயார் சுப்ரபா மகனை வளர்த்தெடுத்தார்.

பள்ளிப் பருவத்தில் ரேயைக் கவர்ந்தவர்கள் திரையில் தோன்றிய நடிகர்களே. பின்னர் அவருடைய பார்வை மாறியது. காட்சி எந்த இடத்தில் வெட்டப்படுகிறது, ஒளி எப்பக்கத்திலிருந்து விழுகிறது, இயக்குநர் எதனைக் காட்டாமல் விடுகிறார் என்று கவனிக்கத் தொடங்கினார். அரங்கின் இருட்டிலேயே குறிப்பேட்டில் கிறுக்கிக்கொள்வார். ஜான் ஃபோர்டு, ஃபிராங்க் காப்ரா, வில்லியம் வைலர் ஆகிய இயக்குநர்களின் பெயர்கள் அவருக்கு ஆசிரியர்களின் பெயர்கள் போலாயின.

தாயாரின் விருப்பப்படி 1940இல் சாந்திநிகேதனுக்கு ஓவியம் கற்கச் சென்றார். நந்தலால் போஸும் வினோத் பிஹாரி முகர்ஜியும் அங்கே ஆசிரியர்கள். அஜந்தா, எல்லோரா ஆகிய இடங்களுக்குச் சென்று வந்தபின் இந்தியக் கலையின் அருமை அவருக்கு விளங்கியது. ஆயினும் ஒரு குறை இருந்தது. அவர் சாந்திநிகேதனில் இருந்தபோது ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ கொல்கத்தாவிற்கு வந்து சில நாள்களிலேயே போய்விட்டது. படிப்பை முடிக்காமலே 1942இன் இறுதியில் அவர் நகரம் திரும்பினார்.

அது போர்க்காலம். 1943 டிசம்பர் 5ஆம் நாள் கிடர்பூர்த் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நகரில் அமெரிக்கப் படைவீரர்கள் நிறைந்திருந்தனர். அவர்களை ஒட்டிப் புதிய ஹாலிவுட் படங்களும் வந்து சேர்ந்தன. அவ்வாண்டிலேயே ரே, டி. ஜே. கீமர் என்னும் பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் எண்பது ரூபாய் சம்பளத்தில் ஓவியராகச் சேர்ந்தார். சிக்னெட் பதிப்பகத்திற்கு நூல் அட்டைகளும் வரைந்தார். ஜிம் கார்பெட் எழுதிய குமாயூன் வேட்டைநூலின் வங்க மொழிபெயர்ப்புக்கு அவர் அமைத்த அட்டை மறக்க முடியாதது. அட்டை முழுவதும் புலித்தோல். முன்புறத்தில் குண்டு துளைத்த ஓட்டை. அந்த ஓட்டைக்குள் நூலின் பெயர். பின்புறத்தில் குண்டு வெளியேறிய ஓட்டை. நூலைத் திறவாமலே வாசகர் கதைக்குள் நுழைந்துவிடுவார்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதே, அக்கதை திரைக்கு ஏற்றது என்று ரேக்குத் தோன்றியது. 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்திற்காகக் கொல்கத்தா வந்தார். இடம் தேட அவருடன் சென்ற ரே தம் எண்ணத்தை அவரிடம் கூறினார்; அவர் ஊக்கமளித்தார். 1950இல் அலுவலகம் ரேயை இலண்டனுக்கு அனுப்பியது. அங்கே அவர் தொண்ணூற்றொன்பது படங்கள் பார்த்தார். அவற்றுள் இத்தாலியப் படமான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அவருடைய ஐயத்தைப் போக்கியது. பெரிய நடிகர்களும் அரங்க அமைப்பும் இல்லாமல் தெருவிலேயே படமெடுக்கலாம் என்று துணிந்தார். திரும்பும் கப்பலிலேயே திரைக்கதைக் குறிப்புகளை எழுதினார்.

துணிவு இருந்தது, பணம் இல்லை. தயாரிப்பாளர்களிடம் ரே ஓவியங்கள் நிறைந்த ஏட்டைக் காட்டினார். ஒவ்வொரு காட்சியும் அதில் மையினால் தீட்டப்பட்டிருந்தது. எவரும் முன்வரவில்லை. 1952 அக்டோபரில், பூஜைக் காலத்தில் கொல்கத்தாவின் புறநகரெங்கும் வெண்மையாகப் பூக்கும் காஷ் எனப்படும் நாணல் வெளியில், அப்புவும் துர்காவும் தோன்றும் காட்சியை ஒருநாள் படமாக்கினார். மறுவாரம் சென்று பார்த்தால் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! அடுத்த பூக்காலம் வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. காப்பீட்டுப் பத்திரம் விலைபோயிற்று. மனைவி பிஜயாவின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசு பணம் அளித்தது. படத்தின் பெயர் ‘பாதையின் பாட்டு’ என்று பொருள்படுவதால், அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது என்பர். 1955இல் படம் வெளிவந்தது.

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியவரல்லர். நிழற்படம் மட்டுமே எடுத்து வந்தார். அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் அவர் செய்தது உலகம் வியந்த ஒன்று. காசியிலுள்ள வீட்டின் முற்றம் கொல்கத்தாவில் அரங்கமாக அமைக்கப்பட்டது. அக்கால வழக்கப்படி விளக்குகளை நேரே பாய்ச்சினால் சுவரெல்லாம் கரிய நிழல் விழும். திறந்த முற்றத்தில் அவ்வாறு விழுவதில்லை. எனவே வானம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மீது பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, பகல் வெளிச்சம்போல் மென்மையாக இறங்கியது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

தமிழகத்தோடும் ரேக்குத் தொடர்புண்டு. பதினான்கு வயதில் கொல்கத்தாவில் பாலசரசுவதியின் பரதநாட்டியத்தைக் கண்டு வியந்தவர், 1976இல் அவரைப் பற்றி ‘பாலா’ என்னும் ஆவணப்படம் எடுத்தார்.

1992இல் ரேயின் வாழ்நாள் பணிக்காக ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்டது. அவர் கொல்கத்தா மருத்துவமனையில் படுத்திருந்ததால் விருது அங்கேயே வந்தது. ஏற்புரையில் தம் இளமைக் காலக் கடிதங்களை நினைவுகூர்ந்தார். மாணவராக இருந்தபோது நடிகை டீயன்னா டர்பினுக்கு எழுதினார், பதில் வந்தது. ஜிஞ்சர் ராஜர்ஸுக்கு எழுதினார், பதில் இல்லை. ‘டபிள் இன்டெம்னிட்டி’ பார்த்துவிட்டு இயக்குநர் பில்லி வைல்டருக்குப் பன்னிரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அதற்கும் பதில் இல்லை. ஏப்ரல் 23ஆம் நாள் ரே மறைந்தார்.

அருஞ்சொற்பொருள்
முகப்பு – கட்டடத்தின் முன்பகுதி
நிழற்படம் – புகைப்படம்
முற்றம் – வீட்டினுள் வானம் நோக்கித் திறந்த வெளி
ஏற்புரை – விருதை ஏற்றுப் பேசும் உரை

பயிற்சி
1. நடிகர்களைப் பார்த்த ரே பின்னர் எவற்றைக் கவனிக்கத் தொடங்கினார்?
2. சுப்ரதா மித்ரா வெள்ளைத் துணியைக் கட்டியது ஏன்? படம் வரைந்து விளக்குக.
3. ‘விலைபோயிற்று’, ‘முன்வரவில்லை’ ஆகியவற்றைச் சொந்த வாக்கியத்தில் அமைக்க.
4. வீட்டில் பெரியவர்கள் கூறும் கதை ஒன்றுக்கு அட்டை வரைக. தலைப்பைத் தமிழ் எழுத்தில், கதைக்குப் பொருந்தும் வடிவில் எழுதுக.