ஆம்ப் உறுமுதா? ஒவ்வொரு ஒயரா கழட்டிப் பாரு

தம்பி, ஆம்ப்ளிஃபயர்ல உறுமல் வந்தா நம்ம ஆளுங்க முதல்ல செய்யற காரியம், கடைக்குப் போய் தங்க முலாம் போட்ட பின் வச்ச ஒயரா பார்த்து வாங்கிட்டு வர்றது. காசு போகும், சத்தம் போகாது. உறுமல் எந்த வழியா உள்ளே நுழையுதுன்னு தெரியாம எதை மாத்தினாலும் குருட்டாம்போக்குதான். அதைக் கண்டுபிடிக்க காதும் கொஞ்சம் பொறுமையும் போதும். மீட்டரெல்லாம் அப்புறம்.

முதல்ல ஆம்ப்பை ஆஃப் பண்ணு. பின்னாடி சொருகியிருக்கிற டிவி ஒயர், லேப்டாப் ஒயர் எல்லாத்தையும் உருவிடு. ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். இப்ப ஆன் பண்ணி, பாட்டு எதுவும் ஓடாம, வால்யூமை மெதுவா ஏத்து. காலியா கிடக்கிற இன்புட் ஜாக் சுத்துப்பட்ட கரண்ட் ஒயர்ல இருந்து உறுமலை இழுக்கும். அது நம்மை ஏமாத்தாம இருக்க ஒரு வழி இருக்கு. பழைய ஆர்சிஏ பின் ஒண்ணு எடுத்து, நடுக்கம்பியையும் வெளி வளையத்தையும் சேர்த்துப் பத்த வச்சு, அதை இன்புட்ல சொருகிட்டுக் கேளு. இன்புட்ல மட்டும்தான் இந்த வேலை. ஸ்பீக்கர் டெர்மினலை ஷார்ட் பண்ணினா ஐசி போயிடும்.

இந்த நிலையில ஆம்ப் அமைதியா இருந்தா கோளாறு வெளியில. அப்பவும் உறுமினா கோளாறு உள்ளே. உள்ளேன்னு தெரிஞ்சதும் வால்யூமைத் திருகு. ஏத்தினா ஏறி, இறக்கினா இறங்குதுன்னா வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாடி இருக்கிற இன்புட் ஒயர், ப்ரீஆம்ப் போர்டு பக்கம் தேடு. வால்யூமை ஜீரோல வச்சாலும் அதே சத்தம் அப்படியே நிக்குதுன்னா பவர் சப்ளை, இல்லேன்னா அவுட்புட் போர்டு. இந்த ஒரு சோதனையிலயே பாதி ஆம்ப்பை சந்தேகப் பட்டியல்ல இருந்து தூக்கிடலாம்.

அடுத்தது சத்தத்தோட ரகம். நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஷீல்டு விட்டுப்போன ஒயர் வழியாவும் எர்த் லூப் வழியாவும் வர்ற உறுமல் பெரும்பாலும் அந்த 50-ல ஆரம்பிக்கும். பிரிட்ஜ் டையோடைத் தாண்டினதும் அது 100 ஆயிடும். அதனால ஃபில்டர் கண்டென்சர் தளர்ந்தா வர்ற உறுமல் 100 ஹெர்ட்ஸ். ரெண்டையும் பிரிச்சுக் கேட்கத் தெரியலைன்னா போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு போட்டு, 50-ம் 100-ம் ஹெட்போன்ல கேட்டுப் பழகிக்கோ. போனோட சின்ன ஸ்பீக்கர்ல 50 கேட்கவே கேட்காது. உறுமலா இல்லாம "ஜ்ர்ர்"னு முள்ளா குத்துதுன்னா ஃபேன் ரெகுலேட்டரைப் பாரு. படி இல்லாம வழுவழுன்னு சுத்தற டிம்மர் வகைதான் இதுல பெரிய திருடன். ஃபேனை ஆஃப் பண்ணினதும் ஜ்ர்ர் நின்னா விஷயம் முடிஞ்சது. படிப்படியா திருகற கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாட்டிடு, ஆம்ப்பைத் தொடவே வேண்டாம்.

கோளாறு வெளியிலன்னா ஒவ்வொரு ஒயரா திரும்ப மாட்டணும். ஒவ்வொரு தடவையும் ஆம்ப்பை ஆஃப் பண்ணிட்டு மாட்டு, டப்புன்னு ஸ்பீக்கர் உதறாம இருக்கும். எதை மாட்டினதும் உறுமல் வருதோ அங்கேதான் கோளாறு, பெரும்பாலும் எர்த் லூப்.

லூப்னா என்னன்னு சொல்லிடறேன். ஆம்ப் ஒரு சுவர்ல மூணு பின்ல எர்த் ஆகுது. கம்ப்யூட்டர் எதிர் சுவர்ல அதோட மூணு பின்ல எர்த் ஆகுது. நடுவுல போற ஆடியோ ஒயரோட ஷீல்டு ரெண்டு எர்த்தையும் கோத்துவிட, ஒரு வளையம் உண்டாயிடுது. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே அந்த வளையத்துல கரண்ட் ஓடும். ஆடியோ சிக்னலே ஒரு வோல்ட் அளவுதான். ஆம்ப்புக்கு எது பாட்டு எது எர்த் கரண்டுன்னு தெரியாது, ரெண்டையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுத்துடும்.

லேப்டாப்ல சந்தேகமா? சார்ஜரைப் பிடுங்கு. பேட்டரியில ஓடும்போது உறுமல் மாயமாச்சுன்னா சார்ஜர் வழியாத்தான் வருது. டிவி பக்கம்னா செட்டாப் பாக்ஸுக்குப் பின்னாடி திருகியிருக்கிற கேபிள் ஒயரைக் கழட்டிப் பாரு. நிறைய வீட்டுல குற்றவாளி இதுதான், ஆனா யாரும் இதைச் சந்தேகப்படறதில்லை. தெருக்கம்பத்துல இருந்து வர்ற அந்த ஒயரோட மேல் பின்னல் எங்கேயோ தூரத்துல எர்த் ஆகியிருக்கும். உன் வீட்டு எர்த்தும் அதுவும் வேற வேற. கேபிள் டிவின்னா அந்த ஒயர்லயே ஒரு கோஆக்ஸ் ஐசொலேட்டர் போடலாம். டிஷ்னா அது ஆகாது. டிஷ் தலையில இருக்கிற எல்என்பிக்கு அதே ஒயர்லதான் 13 இல்லேன்னா 18 வோல்ட் மேலே போகுது. சாதாரண ஐசொலேட்டர் அதையும் தடுத்துடும், படமே வராது.

டிவிலயும் ஆம்ப்லயும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தா யோசிக்கவே வேண்டாம், அந்த ஒயரைப் போடு. அதுல வெளிச்சம்தான் போகுது, உலோகத் தொடர்பே இல்லை, வளையம் எங்கே உண்டாகும்? ஆப்டிகல் இல்லாத பழைய ஆம்ப்னா டிவி, பாக்ஸ், ஆம்ப் மூணையும் ஒரே சுவிட்ச் போர்டுல, நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணுல சொருகிப் பாரு. பல வீட்டுல இதோடவே அடங்கிடும். அயர்ன் பாக்ஸை மட்டும் அதே பாக்ஸ்ல சொருகாதே. அதுக்கும் அடங்கலைன்னா ஆடியோ ஒயர் நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடு. உள்ளே ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மட்ட ரகமா வாங்கினா உறுமலோட பேஸும் சேர்ந்து போயிடும். கடையிலயே பேஸ் அதிகமா இருக்கிற பாட்டு ஒண்ணைப் போட்டுக் கேட்டு வாங்கு.

எர்த் பின்னை ஒடிச்சாலும் உறுமல் நிக்கும், அது எனக்கும் தெரியும். அதைச் செய்யாதே. டிரான்ஸ்ஃபார்மர் சுருள் உள்ளே கசிஞ்சு தகர கேபினெட்டுக்கு கரண்ட் வந்தா, அதை வாங்கிட்டுப் போக அந்த ஒரு கம்பிதான் இருக்கு. அது இல்லேன்னா கை வைக்கிறவன் வழியாப் போகும். இப்பவே கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுன்னா உறுமலை மற, பிளக்கைப் பிடுங்கு. வீட்டு எர்த்தே சரியில்லாமலும் இருக்கலாம். சித்திரை வெயில்ல எர்த் குழி காஞ்சு கிடக்கும், ரெண்டு குடம் தண்ணி ஊத்து. எலக்ட்ரீஷியன் வந்தா ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல எத்தனை வோல்ட் காட்டுதுன்னு பார்க்கச் சொல்லு. ஃபேஸ், நியூட்ரல் நடுவுல காட்டற அளவுக்கு நெருக்கமா இருக்கணும்.

இனி ஆம்ப்புக்கு உள்ளே. 4440 ஐசி போர்டு போட்டு அசெம்பிள் பண்ணின செட்டுகள்ல முதல்ல பார்க்க வேண்டியது ஃபில்டர் கண்டென்சர்தான். மூடி தட்டையா இருக்கணும். வயிறு உப்பியிருந்தாலோ அடியில பழுப்பா கசிஞ்சிருந்தாலோ மாத்திடு. வோல்ட் அதே அளவு, இல்லேன்னா கூட. குறைச்சல் ஆகவே ஆகாது. பிளஸ் மைனஸ் மாறினா வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கினதும் கை வைக்காதே, பெரிய கண்டென்சர்ல சார்ஜ் நிக்கும். ஸ்க்ரூடிரைவரால தட்டி நெருப்புப் பறக்க விடறதும் வேண்டாம். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை காப்பிட்ட கிளிப்ல மாட்டி கண்டென்சரோட ரெண்டு காலுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் வச்சு, மீட்டர்ல ஜீரோ பக்கம் வந்ததைப் பார்த்துட்டுத் தொடு.

அப்புறம் வால்யூம் கன்ட்ரோலோட உலோக உடம்பு எர்த் ஆகியிருக்கான்னு பாரு. இன்புட்ல இருந்து அதுக்குப் போறது ஷீல்டு ஒயரா இருக்கணும், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போகக் கூடாது. எல்லா கிரவுண்டும் ஃபில்டர் கண்டென்சர் மைனஸ் பக்கம் ஒரே புள்ளியில வந்து சேரணும். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம்னு கேபினெட்டுல பத்த வச்சிருந்தா உள்ளேயே ஒரு லூப். ஸ்பீக்கர்ல இல்லாம கேபினெட்டுல இருந்தே "ம்ம்" வந்தா அது டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வு, ஸ்க்ரூவை இறுக்கி ரப்பர் வாஷர் போட்டா போச்சு.

சால்டரிங் பழக்கமில்லைன்னா மெக்கானிக்கிட்ட கொடு. ஆனா "உறுமுது"ன்னு மட்டும் சொல்லிக் கொடுக்காதே. வால்யூம் ஏத்தினா ஏறுதா, இன்புட்டை ஷார்ட் பண்ணினா நிக்குதா, எந்த ஒயரை மாட்டினா வருதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி செட்டு மேலேயே ஒட்டிக் கொடு.