மோட்டார்ச் சைக்கிளின் பின் அதிர்வுதாங்கியும் இணைப்பு நெம்புகளும்

விஞ்ஞானக் கூடத்திலே சுருள்வில்லொன்றில் நிறைகளைத் தொங்கவிட்டு, அதன் நீட்சியை அளவுகோலால் அளந்து, ஊக்கின் விதியைச் சரிபார்த்திராத மாணவர் நம்முள் அரியர். றொபேட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர் 1678ஆம் ஆண்டிலே வெளியிட்ட அவ்விதியைப் பரீட்சை முடிந்ததும் பலர் மறந்துவிடுகின்றனர். ஆயினும், மோட்டார்ச் சைக்கிளில் ஏறிச் செல்பவர் எவராயினும் அவ்விதியின் மீதே அமர்ந்து செல்கின்றார். இருக்கையின்கீழ் மறைந்திருக்கும் சுருள்வில்லும், அதனூடே பொருந்திய எண்ணெய் உருளையும், அவற்றைப் பின்சில்லோடு தொடுக்கும் நெம்புகளும் தத்தம் கடமையைச் செய்தாலன்றி ரயர் நிலத்தைப் பற்றி நில்லாது. ரயர் நிலத்தைப் பற்றி நில்லாதவிடத்துப் பிறேக்கும் பயன்படாது. வளைவிலே வண்டியும் நிலைகொள்ளாது. ஆகவே, இவ்வுறுப்புகளைப் பேணுதல் செல்வோரின் சுகத்தோடு மாத்திரமன்றி உயிரோடும் தொடர்புடையது. அவற்றின் தத்துவத்தையும், அவற்றைச் சோதித்துச் செப்பஞ் செய்யும் முறையையும் இக்கட்டுரையில் நோக்குவாம்.

வில்லும் எண்ணெயும்

அதிர்வுதாங்கியை நம் வீதிகளில் 'சொக்' என வழங்குவர். அதனுள்ளே இரு வேறு கருவிகள் ஒருங்கே தொழிற்படுகின்றன. ஒன்று சுருள்வில்; மற்றையது எண்ணெய் நிறைந்த உருளை. வில்லின் விசை அது எவ்வளவு தூரம் சுருங்கியது என்பதைப் பொறுத்தது. எண்ணெயின் தடையோ முசலம் எவ்வளவு விரைவாக அசைகின்றது என்பதைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் மற்றையவை எளிதில் விளங்கும்.

வண்டியும் செல்பவரும் சேர்ந்து 200 கிலோகிராம் எனக் கொள்வோம். அரை மீற்றர் உயரமுள்ள மேட்டிலிருந்து அவர்கள் இறங்கி விழும்போது ஏறத்தாழ 980 யூல் சத்தியை முன்பின் தாங்கிகள் ஏற்கவேண்டும். வில் அச்சத்தியைச் சேமிக்குமேயன்றி அழிக்கமாட்டாது. உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டும் இருப்பின் வண்டி பந்துபோலத் துள்ளிக்கொண்டேயிருக்கும். முசலத்திலுள்ள சிறு துவாரங்களினூடாகவும், அவற்றை மூடிநிற்கும் மெல்லிய உருக்குத் தகடுகளினூடாகவும் எண்ணெய் நெருங்கிப் பாயும்போது அச்சத்தி வெப்பமாக மாறுகின்றது. கரடான பாதையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் அதிர்வுதாங்கியைத் தொட்டுப் பார்த்தால் இவ்வுண்மையைக் கை உணரும். வெப்பம் மிகுந்தால் எண்ணெயின் பிசுக்குமை குறையும், தடையும் குறையும்.

முசலம் விரைந்து செல்லும்போது அதன் பின்புறத்தே அமுக்கம் தாழ்ந்து, எண்ணெயிற் குமிழிகள் தோன்றுவதுண்டு. நுரைத்த எண்ணெய் தடை செய்யாது. இதனைத் தவிர்க்கும் பொருட்டே, அசையும் ஒரு முசலத்தாலோ இறப்பர்ப் பையாலோ எண்ணெயினின்று பிரிக்கப்பட்ட சிற்றறையில் நைதரசன் வாயுவை அடைத்துவைக்கின்றனர். அதன் அமுக்கம் பல வண்டிகளிற் சதுர சென்ரிமீற்றருக்கு 10 கிலோகிராம் அளவினது. நைதரசன் உலர்ந்தது, எண்ணெயோடு தாக்கம் புரியாதது. சாதாரண காற்றிலோ ஈரமும் ஒட்சிசனும் உள்ளன.

நெம்பு சேர்ந்த வரலாறு

முன்னாளிற் பின்சில்லின் இரு மருங்கும் இரண்டு அதிர்வுதாங்கிகள் நிற்கும். நடுவே ஒன்றை அமைக்கும் முயற்சியில் பெல்சிய நாட்டு எந்திரவியலாளர் லூசியன் ரில்கென்ஸ் வகுத்த முறையை யமகா நிறுவனம் ஏற்றது. 1973ஆம் ஆண்டில் அம்முறையமைந்த வண்டியிலேறிச் சுவீடன் வீரர் ஹோக்கன் அண்டர்சன் 250 சீசீ பிரிவிலே கரட்டுநிலப் பந்தய உலக வெற்றியைப் பெற்றார். பின்னர், 1980ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில், கவசாகி, ஹொண்டா, சுசுகி ஆகிய நிறுவனங்கள் அதிர்வுதாங்கிக்கும் சில்லுக்கும் இடையே நெம்புத் தொகுதிகளைப் புகுத்தின. கரட்டுப் பாதைகளுக்கான வண்டிகள் பலவற்றில் இன்றும் இவ்வமைப்பே காணப்படுகின்றது.

பின்சில்லைத் தாங்கி மேலுங் கீழும் அசையும் பெருங்கவையை மெக்கானிக்குகள் 'சுவிங் ஆம்' என்பர். நாம் அதனை ஆடுகவை என்போம். ஆடுகவையின் அடியிலே முக்கோண வடிவான ஆடுநெம்பு ஒன்றும், அதனை உடற்சட்டத்தோடு தொடுக்கும் இணைப்புக் கோல்களும் உள்ளன. அதிர்வுதாங்கியின் கீழ்முனை ஆடுநெம்பிற் பொருந்தும். சில்லு மேலெழுந்தோறும் நெம்புகளின் கோணம் மாற, அதிர்வுதாங்கி வரவர விரைந்து சுருங்கும். ஆதலின் சிறு மேடுகளில் மென்மையும் பெரும் பள்ளங்களில் வன்மையும் ஒரே வில்லினாற் கிடைக்கின்றன.

இதற்கொரு கணக்கும் உண்டு. சில்லு 275 மில்லிமீற்றர் எழும்போது அதிர்வுதாங்கி 110 மில்லிமீற்றர் மாத்திரம் சுருங்குமெனின், சராசரி விகிதம் 2.5 ஆகும். தூரத்திற் குறைந்தது விசையில் மிகவேண்டும் என்பது நெம்பின் நியதி. எனவே, சில்லின் மீது 100 கிலோகிராம் சுமை இருப்பின் அதிர்வுதாங்கி ஏறத்தாழ 250 கிலோகிராம் சுமையைத் தாங்குகின்றது. அச்சுமை முழுவதும் விரலளவான சில போல்ற்றுகளின் வழியாகவும், அவற்றைச் சூழ்ந்த ஊசிப் போதிகைகளின் வழியாகவுமே செல்லவேண்டும்.

மறைந்திருக்கும் மூட்டுகள்

இம்மூட்டுகளோ சில்லுக்கு முன்னே, நிலத்திற்கு அண்மையிலே, சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் உள்ளன. ஊசிப் போதிகையின் உருளிகள் முழுச்சுற்றுச் சுழல்வதில்லை. சில பாகைகளே முன்னும் பின்னும் அசைகின்றன. ஆதலாற் கிறீஸ் தானாகப் பரவாது. சீலைத் தாண்டி நீர் புகுந்தால் உருளிகள் ஒரே இடத்திற் துருவேறி, உட்புறப் புஸ்ஸிலே பள்ளம் பறிக்கும். கடலோரக் கிராமங்களின் உப்புக்காற்றும், மாரியின் வெள்ளமும் இக்கேட்டினை விரைவுபடுத்தும். வேகமாக நீரைப் பீச்சிக் கழுவுவதும் அவ்வாறே.

மூட்டு இறுகியதும் வண்டி சிறு மேடுகளிலும் முதுகை உலுக்கத் தொடங்கும். உரிமையாளர் 'சொக் போய்விட்டது' என்பார். பெருஞ்செலவில் வேறொன்று வாங்கிப் பூட்டுவார். நோய் நெம்பிலிருக்க மருந்து அதிர்வுதாங்கிக்குச் செய்தால் குணம் எங்ஙனம் வரும்? மேலும், இறுகிய மூட்டு அதிர்வுதாங்கியின் தண்டைப் பக்கமாகத் தள்ளுவதால், புதிதாகப் பூட்டியதன் சீலும் விரைவிலே தேய்ந்து எண்ணெய் கசியும். எனவே, அதிர்வுதாங்கியைக் குறைகூறுமுன் இணைப்பு நெம்புகளைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதன்மையான கருத்தாகும்.

சோதித்தலும் கழற்றலும்

முதலில் வண்டியைக் கழுவி உலரவிட்டு, எஞ்சினின் அடியில் உறுதியான பெட்டியையோ ஜக்கையோ வைத்துப் பின்சில்லை நிலத்தினின்று உயர்த்துக. சில்லின் பின்புறத்தைப் பற்றி மெல்ல மேலே தூக்குக. தடையின்றிச் சிறிது எழுந்து பின் 'டக்' என நின்றால், நெம்பு மூட்டுகளிலோ அதிர்வுதாங்கியின் முனைகளிலோ தேய்வு உண்டு. பின்பு ஆடுகவையைப் பக்கவாட்டில் அசைக்க. அவ்வழி ஆட்டம் தென்படின் ஆடுகவையின் சொந்தப் போதிகைகளே தேய்ந்தன என்க.

அடுத்துச் சில்லைக் கழற்றி, ஆடுகவைக்குத் தாங்கல் கொடுத்து, ஒவ்வொரு போல்ற்றும் எப்பக்கத்திலிருந்து புகுந்துள்ளது என்பதைக் குறித்துக்கொள்க. ஆடுகவையைச் சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தால், சுமை நீங்கிய நிலையிற் போல்ற் எளிதில் வழுக்கி வரும். துருவினால் இறுகியிருந்தால், துருவிளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓரிரவு விடுதல் நன்று. பின்னர் நற்றை நுனிவரை திருகிப் புரிகளைக் காத்து, பித்தளைக் கோலை வைத்துத் தட்டுக. நெருப்பினாற் சூடேற்றி அகற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வாயு அடைத்த அதிர்வுதாங்கி அருகிலிருக்கும்போது அது பேராபத்து.

புஸ்களை வெளியே தள்ளும்போது கீழே ஒரு தட்டை வைத்தல் அவசியம். சிலவகைப் போதிகைகளில் உருளிகளைப் பிடித்துவைக்கும் கூடு இல்லாமையால் அவை உதிர்ந்துவிடும். எண்ணிவைத்தல் வேண்டும், ஒன்று குறைந்தாலும் அப்போதிகை பயன்படாது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து உலர்த்துக. பின் புஸ்ஸின்மேல் நகத்தை ஓட்டுக. நகம் தடைப்படும் பள்ளம் இருப்பின், புஸ்ஸையும் போதிகையையும் ஒருங்கே மாற்றவேண்டும். ஒன்றை மாற்றி மற்றையதை விட்டால் பழையது புதியதைக் கெடுக்கும்.

போதிகையை அகற்றுமுன் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றது என்பதை வேணியர் இடுக்கியால் அளந்து குறிக்க. வெளியே சீல் அமர இடம் வேண்டுமன்றோ! புதியதைச் சுத்தியலால் அடியாது, பொருத்தமான குழாய்த்துண்டை வைத்து, மேசை இடுக்கியால் அழுத்திச் செருகுக. நீரால் எளிதிற் கழுவப்படாத தடித்த கிறீஸை உருளிகளின் இடைவெளிகளிலும் சீலின் உதடுகளிலும் நிறையப் பூசுக. சில உற்பத்தியாளர் மொலித்தனம் இருசல்பைட்டுக் கலந்த கிறீஸையே விதிக்கின்றனர். போல்ற்றின் உடலிலும் மெல்லிய பூச்சு வேண்டும். அஃது இன்றேல் அடுத்தமுறை அதனை அறுத்தே எடுக்க நேரிடும்.

அதிர்வுதாங்கியை ஆராய்தல்

தண்டு கண்ணாடிபோல் ஒளிரவேண்டும். அதிற் புள்ளித்துரு இருப்பின் அது சீலைக் கிழிக்கும். எண்ணெய் ஈரம், பிளந்த இறப்பர்த் தடுப்பு, மேல்முனை மூட்டின் தளர்வு என்பவற்றையும் நோக்குக. வில்லை அகற்றவேண்டின், முதலில் அது பொருந்தியுள்ள நீளத்தை அளந்து குறித்து, வளையத்தை முற்றாகத் தளர்த்திய பின்னரே, தக்க கருவிகொண்டு எடுக்கவேண்டும். வில் நீங்கிய தண்டை உள்ளே அழுத்தினால் தடை தொடக்கமுதல் ஒரே சீராக இருத்தல் வேண்டும். கையை எடுத்தால் வாயுவின் அமுக்கத்தால் தண்டு மெல்ல வெளியே வரவேண்டும். இடையே தடையற்ற வெற்றிடம் ஒன்று உணரப்படின் எண்ணெயிற் காற்றுப் புகுந்துள்ளது. தண்டு திரும்பி வராவிடின் வாயு வெளியேறிவிட்டது.

இதற்கப்பால் உள்ளது வீட்டு முற்றத்தில் ஆற்றும் வேலையன்று. அமுக்கத்திலிருக்கும் உருளையைத் திறந்தால் மூடியும் எண்ணெயும் துப்பாக்கிக் குண்டெனப் பாயும். நைதரசன் கிடையாதவிடத்து ஒட்சிசனை ஏற்றலாமோ என எண்ணுவார்க்கு ஒன்று சொல்வோம்: அமுக்கமேறிய ஒட்சிசனும் எண்ணெயும் கூடினால் வெடிக்கும்; அஃது உயிரைப் போக்கும். எண்ணெயும் சீலும் மாற்றிக் காற்றை நீக்கி நைதரசன் ஏற்றும் கருவிகளுள்ள வேலைத்தலத்திடமே அவ்வேலையை ஒப்படைத்தல் அறிவுடைமை.

பூட்டலும் அளத்தலும்

அதிர்வுதாங்கியைச் சேர்க்குமுன் ஆடுகவையையும் நெம்புகளையும் பூட்டிக் கையால் உயர்த்தி விடுக. அது தன் பாரத்தாலேயே தடங்கலின்றித் தாழவேண்டும். பின்பு அதிர்வுதாங்கியைச் சேர்த்து, போல்ற்றுகளை உற்பத்தியாளரின் கைந்நூலிற் கூறிய அளவுக்கு முறுக்கம் காட்டும் ஸ்பனரால் இறுக்குக. வேறு வண்டியின் அளவை இதற்குக் கொள்ளற்க.

இறுதியாக மூன்று அளவைகள் எடுத்தல் வேண்டும். சில்லு தொங்கும்போதும், வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதும், செல்பவர் அமர்ந்திருக்கும்போதும் பின்அச்சிலிருந்து நேர்மேலேயுள்ள ஒரு குறிவரை அளக்க. 300 மில்லிமீற்றர் அசைவுடைய கரட்டுநில வண்டியில், செல்பவர் அமர்ந்ததும் முதலளவையினின்று ஏறத்தாழ 100 மில்லிமீற்றரும், வண்டியின் தனிப்பாரத்தால் 25 முதல் 40 மில்லிமீற்றர் வரையும் தாழ்தல் தகும். வில்லின் வளையத்தைத் திருகிச் செல்பவருக்குரிய அளவைச் சரிசெய்த பின்னர், தனிப்பாரத் தாழ்வு மிகக் குறைந்திருந்தால் வில் வலிதென்று பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது: மென்மையான வில்லை அளவுக்குமேல் முன்கூட்டி அழுத்தியமையாலேயே அந்நிலை உண்டாயிற்று. தனிப்பாரத் தாழ்வு மிகுந்திருப்பின் வில் செல்பவருக்கு வலிதென அறிக. ஊக்கின் விதியை வரைபிலிட்டு நோக்கும் மாணவர் இதன் காரணத்தைத் தாமே காண்பர்.

மாரி தொடங்குமுன் ஒருமுறையும் கழிந்தபின் ஒருமுறையும் இம்மூட்டுகளைத் திறந்து பார்ப்பவருக்குச் செலவு ஒரு சிறு பேணிக் கிறீஸும் அரைநாள் உழைப்புமே. பாராதவர் போதிகை, புஸ், போல்ற், அதிர்வுதாங்கி என ஒவ்வொன்றாக விலைகொடுக்க நேரும்; முறிந்த போல்ற் ஓடும் வண்டியில் விளைக்கும் கேட்டுக்கோ விலையே இல்லை. மெக்கானிக்கிடம் வண்டியை விடும் பழைய மாணவர் 'லிங்கைக் கழற்றிப் பார்த்தீரா?' என ஒரு வினாவேனும் வினவுவாராக. இளம் மாணவரோ ஒருநாள் கையிற் கரிபடத் தாமே கழற்றிப் பார்ப்பாராக. கரும்பலகையிற் கண்ட வில்லும் நெம்பும் அங்கே தம் தொழிலைச் செய்துகொண்டிருப்பதை அவர் காண்பர்.