மலைமேல் ஓர் இரவு தங்கப் போகுமுன்

லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் நம் கடலோர ஊர்களில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. எனவே மலையேறுமுன் நாங்கள் லேயில் இரண்டு நாள் ஓய்வெடுத்தோம்.

தண்ணீர் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அரிசி லேசில் வேகாது. ஆகவே அவலும் வேர்க்கடலையும் கட்டிக்கொண்டோம். கம்பளி உடை, ஸ்லீப்பிங் பேக், டார்ச் அவசியம். படுக்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது.

கூடாரத்தில் நள்ளிரவில் நண்பன் ஒருவன், "தலை பிளக்குதுடா" என்றான். நடக்கச் சொன்னோம், தள்ளாடினான். விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்தோம். இறங்க இறங்கத் தெளிந்தான்.

தலைவலி வந்தால் மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டம் வந்தால் உடனே இறங்குங்கள். இறங்கும் வழியைப் பகலிலேயே பார்த்து வைப்பதும் தயாரிப்புதான்.