பதறாத காரியம் சிதறாது

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் இரவு மணி பதினொன்று. வீட்டார் உறங்கிவிட்டனர். எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவி ஒருத்தி மட்டும் கணக்கியல் பயிற்சி நூலின்முன் விழித்திருக்கிறாள். அவள் தயாரித்த இருப்பாய்வில் பற்றுப் பக்க மொத்தமும் வரவுப் பக்க மொத்தமும் ஒத்துவரவில்லை. 90 ரிங்கிட் உதைக்கிறது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டாள். நெஞ்சு படபடக்கிறது. ‘இந்த ஒரு கணக்கே வரவில்லையே, தேர்வில் என்ன செய்வேன்?’ என்று கலங்குகிறாள். இத்தகைய இரவுகள் மாணவர் பலருக்கும் பழக்கமானவையே.

கணக்கியலில் ஒரு பதிவில் நேரும் பிழை அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது பேரேட்டிலிருந்து இருப்பாய்வுக்கும், பின்னர் நிதி அறிக்கைகளுக்கும் தொடர்ந்து செல்லும். அதனால் அச்சமும் வளர்கிறது. அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஓரளவு பதற்றம் ஊக்கம் தரும். அளவு மீறினாலோ, கணக்கை ஏந்தவேண்டிய மனம் கவலையை ஏந்திக்கொள்கிறது. தெரிந்த கணக்கும் மறந்துபோகிறது.

இவ்வச்சத்தின் பின்னணியில் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் உண்டு. முன்பு தோட்டங்களில் தொழிலாளர் கொண்டுவந்த பாலை நிறுத்துக் கணக்கெழுதியவர் கிராணியார். செக்ரோல் புத்தகம் அலுவலகத்தில் இருந்தது. சம்பளம் மட்டுமே தொழிலாளர் கைக்கு வந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணக்கேட்டையே பாடமாகப் பயில்கின்றனர். இது பெருமைக்குரியது. ஆனால், அப்பெருமையே சில பிள்ளைகளின் தோளில் பாரமாகவும் இறங்கிவிடுகிறது.

பாரத்தைக் குறைக்கும் முதல் வழி, பிழையைக் கண்டு அஞ்சாமல் அதைத் தேடும் முறையை அறிவதாகும். இரட்டைப் பதிவு முறையை விளக்கி, இத்தாலியரான லூக்கா பாச்சோலி எழுதிய நூல் 1494இல் வெனிஸ் நகரில் அச்சானது. இரு பக்கமும் சமமாக வேண்டும் என்னும் விதி, மனிதர் பிழை செய்வர் என்பதை உணர்ந்து அமைந்தது. இரு பக்க வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 540ஐ 450 என எழுதினால் 90 குறையும். அவ்வாறு இல்லையெனில், வேறுபாட்டின் பாதித் தொகை தவறான பக்கத்தில் பதிவாகியுள்ளதா எனப் பார்க்கலாம். அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தவருக்குப் பதற்றம் தணியும்.

இரண்டாவது வழி, உழைப்பையும் ஓய்வையும் பகிர்ந்துகொள்வதாகும். வட சிலாங்கூர்த் தோட்டங்களில் இன்று செம்பனையே மிகுதி. எனினும், பால்மரம் சீவிய முதியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பட்டையை மெல்லியதாகச் சீவி, ஒருநாள் விட்டு ஒருநாள் பாலெடுத்தால் மரம் பல்லாண்டு பயன் தரும். பேராசையால் அளவுமீறிச் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். மனமும் அத்தகையதே. படித்தவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இல் ஆராய்ந்து வெளியிட்டார். இடைவெளி விட்டு மீள்பார்வை செய்வதே மனத்தில் நிலைக்கும் என்பதும் அவர் ஆய்வில் புலப்பட்டது. ஓரிரவில் நான்கு மணிநேரம் போராடுவதைவிட, நான்கு மாலைகளில் ஒவ்வொரு மணிநேரம் பயில்வது சிறந்தது. கற்றவை உறக்கத்தின்போதே மூளையில் உறுதிபெறுகின்றன. ஆகவே, உறக்கமும் படிப்பின் ஒரு பகுதியே.

மூன்றாவது வழி, கவலையை வெளியே கொட்டிவிடுவதாகும். தேர்வுக்குமுன் பத்து நிமிடம் தம் அச்சங்களை எழுதிய, பதற்றம் மிகுந்த மாணவர்கள் மேலும் சிறப்பாகத் தேர்வு எழுதினர் என 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எழுத இயலாதவர் பேசலாம். பெற்றோருக்குக் கணக்கியல் தெரியாமல் இருக்கலாம். பிள்ளையின் முகவாட்டம் தெரியும். நண்பருக்கு ஒரு கணக்கை விளக்கினால் இருவருக்கும் தெளிவு பிறக்கும். உறக்கமோ உணவோ பல நாள் கெட்டுப்போனால், பள்ளி ஆலோசக ஆசிரியரை நாடத் தயங்கக்கூடாது.

அம்மாணவி நூலை மூடிவிட்டு உறங்கச் செல்கிறாள். மறுநாள் காலை, தெளிந்த மனத்துடன் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறாள். வாடகைச் செலவு 540 ரிங்கிட். பேரேட்டில் 450 என்று இருக்கிறது. திருத்துகிறாள். இரு பக்கமும் சமமாகின்றன. இரவில் மலைபோல் தெரிந்தது, இரண்டு இலக்கங்களின் இடமாற்றம்தான். பதறாத காரியம் சிதறாது என்று முன்னோர் சொன்னது கணக்குக்கும் பொருந்தும்.