பழைய ஊர்தியும் புதிய விளக்கும்

பகலிற் கதிரவன் காட்டும் வழியை இரவில் மக்களுக்குக் காட்டுவது விளக்கு. ஆதலின் விளக்கைப் பேணுதலை நம் முன்னோர் பேரறமாகக் கொண்டனர். திருக்கோயில்களில் நந்தா விளக்கு எரிப்பதற்காக ஆடுகளைக் கொடையாக விட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றிற் காணலாம். ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாது எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 90 அல்லது 96 ஆடுகள் வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஏற்றுவது எளிது, எரியும் ஆற்றலை இடையறாது ஊட்டுவதே அரிது. இவ்வுண்மை நெய் விளக்குக்கு மட்டுமன்று, மோட்டார் வண்டியின் மின்விளக்குக்கும் பொருந்தும்.

காஞ்சிபுரத்துக்கு அணித்தே பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்துள்ளது திருமுக்கூடல். அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டிலேயே பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலை ஒன்று அங்கு நடந்ததை அது தெரிவிக்கிறது. பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதராசப் பெருமாள் பாரிவேட்டைக்காகப் பழைய சீவரத்துக்கு எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவது வழக்கம். அன்று பல ஊர் மக்களும் ஆற்றங்கரையிற் கூடுவர். விழாக் கண்டு இரவில் வீடு திரும்புவோருள் நடந்து செல்வோர் உளர். மிதிவண்டியிற் செல்வோர் உளர். மோட்டார் வண்டிகளிற் செல்வோரும் உளர். தை மாதத்துப் பனியும் இருளும் சாலையை மூடியிருக்கும் அந்நேரத்தில், இவர்கள் அனைவருடைய உயிரும் வண்டிகளின் விளக்குகளை நம்பியே இருக்கின்றன.

அவ்வாறு திரும்பும் வண்டிகளுள் பழைய கார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது 1961 முதல் சென்னையில் உருவாக்கப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கலாம். அல்லது வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவாக்கப்பெற்ற அம்பாசிடராக இருக்கலாம். உரியவர் அதன் எஞ்சினைச் செம்மை செய்திருப்பார். வண்ணம் பூசிப் புதுமெருகு ஏற்றியிருப்பார். ஆனால் அதன் விளக்குகள் மட்டும் மங்கி மஞ்சள் பூத்திருக்கக்கூடும்.

இம்மங்கலால் விளையும் தீங்கு யாது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. எதிரில் ஒருவரைக் கண்டு, பிரேக்கை மிதிக்க ஓட்டுபவருக்கு ஒரு நொடியாவது ஆகும். மிதித்தபின்னும் வண்டி ஏறத்தாழ 23 மீட்டர் ஓடியே நிற்கும். ஆக 40 மீட்டர் இடம் வேண்டும். விளக்கு 30 மீட்டர் தொலைவை மட்டும் தெளிவாகக் காட்டுமாயின், ஓட்டுபவர் எத்துணைத் திறமையுடையவராயினும் குறைந்த 10 மீட்டரை எங்கிருந்து பெறுவார்? குறை கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை, விளக்கில் இருக்கிறது.

மோட்டார் வண்டிகள் தோன்றிய தொடக்கத்தில் எண்ணெய் விளக்குகளும், கார்பைடின் மேல் நீர் சொட்டி எழும் வாயுவால் எரியும் விளக்குகளும் பயன்பட்டன. 1912இல் அமெரிக்க நாட்டுக் காடிலாக் வண்டி, எஞ்சினைக் கிளப்பவும் விளக்கை எரிக்கவும் மின்னாற்றலையே கொண்டு வெளிவந்தது. 1924இல் ஒரே குமிழில் இரண்டு மின்னிழைகளைக் கொண்ட விளக்கு தோன்றியது. அதனால் தொலைவொளியையும் தாழ்வொளியையும் வேண்டியவாறு மாற்றிக்கொள்ள முடிந்தது. 1962இல் ஐரோப்பிய வண்டிகளில் ஹாலோஜன் குமிழ் இடம்பெற்றது. இரண்டு இழைகளைக் கொண்ட எச்-4 என்னும் ஹாலோஜன் வகை 1971இல் வந்தது.

பழைய குமிழில் டங்ஸ்டன் இழை சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் படிந்து கருக்கும். ஹாலோஜன் குமிழிலோ, உள்ளே அடைக்கப்பெற்ற அயோடின் அல்லது புரோமின், அவ்வாறு பிரிந்த டங்ஸ்டனை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும். அதனால் இழையை மிகுந்த வெப்பத்தில் ஒளிரச் செய்யலாம், குமிழும் கருக்காது. ஆயினும் அக்குமிழை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகச் சூடேறிக் குமிழ் கெடும்.

வலிய குமிழ் ஒன்றை வாங்கிப் பொருத்தினாற் போதும் என்று எண்ணுவது தவறு. முகப்பு விளக்கென்பது குமிழ், குழியாடி, கண்ணாடி முகம் என்னும் மூன்றும் சேர்ந்த ஒன்றாகும். குழியாடியின் வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தால் எக்குமிழும் பயன் தராது. ஒவ்வொரு குழியாடியும் ஒரு குறிப்பிட்ட குமிழின் இழை நிற்கும் இடத்தை அளந்து செய்யப்பட்டது. இழை ஓரிரு மில்லிமீட்டர் விலகினும் ஒளி சிதறும். இழைக்குமிழுக்காகச் செய்த குழியாடியில் எல்.இ.டி. குமிழைப் பொருத்துவோர் பலர் எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்வது இக்காரணத்தாலேயே. ஆதலின் குமிழும் ஆடியும் ஓரினமாக அமைந்த தொகுதியையே கொள்ளல் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் ஏழு அங்குல வட்ட விளக்கே இருப்பதால் இது கடினமன்று. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வன. ஆகவே இடப்புறச் சாலைக்கென அமைந்த கண்ணாடியையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். வலப்புற நாடுகளுக்குரியது எதிரே வருவோர் கண்ணிலேயே ஒளியை எறியும்.

இனி, விளக்குக்கு ஆற்றலூட்டும் முறையைக் காண்போம். 60 வாட் குமிழ் ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும்; இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர். பழைய வண்டியிற் பேட்டரியின் மின்சாரம் மெல்லிய கம்பிகளின் வழியாகவும், தேய்ந்த சுவிட்சின் வழியாகவும் சுற்றிச் சென்றே விளக்கை அடையும். வழியில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதற்கு மருந்து ரிலே என்னும் சிறு கருவி. சுவிட்சின் சிறு மின்னோட்டம் ரிலேயில் உள்ள மின்காந்தத்தை இயக்க, அது பேட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியே விளக்குக்கு நேரே மின்சாரம் செல்லும் வழியைத் திறக்கும். இடையில் உருகுகம்பியாகிய பியூஸ் கட்டாயம் இருத்தல் வேண்டும். துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டித் தூய்மை செய்தாலே சில வண்டிகளில் ஒளி பெருகுவதைக் காணலாம்.

பழைய டைனமோ தருவது ஏறத்தாழ 20 ஆம்பியரே. எஞ்சின் மெல்ல ஓடும்போது அதுவும் குறையும். அதனிடம் 100 வாட் குமிழ்கள் இரண்டைக் கேட்டால், அவையே ஏறத்தாழ 17 ஆம்பியரை விழுங்கும், பேட்டரி வெறுமையாகும். ஆட்டின் தொகையறிந்து நெய்யளந்த முன்னோரின் கணக்கு இங்கும் வேண்டும்.

முன்விளக்கு வழி காண்பதற்கு. பின்விளக்கு பிறர் நம்மைக் காண்பதற்கு. பழைய வண்டிகளின் பின்விளக்குகள் சிறியன. 5 வாட் இழை இரவில் எரியும். பிரேக்கை மிதித்தால் 21 வாட் இழை சுடர்விடும். அவ்விழை சூடேறி முழுதும் ஒளிர ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. எல்.இ.டி. விளக்கோ உடனே ஒளிரும். 60 கிலோமீட்டர் வேகத்திற் பின்னால் வருபவருக்கு இதனால் மூன்று மீட்டருக்கு மேல் இடம் கிடைக்கிறது. மூன்று மீட்டர் சிறிதன்று; மோதலுக்கும் மோதாமைக்கும் உள்ள இடைவெளி அதுவாகவே இருக்கலாம்.

எனினும் இங்கும் எச்சரிக்கை வேண்டும். பழைய ஆங்கில வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். எல்.இ.டி. முனை மாறினால் எரியாது. ஆதலின் முனையறிந்து வாங்குதல் வேண்டும். திருப்பங்காட்டும் விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றினால், பழைய பிளாஷர் அவற்றின் சிறு மின்னோட்டத்தால் இயங்காது; அதற்கேற்ற மின்னணுப் பிளாஷரும் வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே சிவப்பொளி எல்.இ.டி.யே சிறப்புடையது.

விளக்கைப் பெருக்கியவர் அதனைத் தாழ்த்தவும் அறிதல் வேண்டும். சமநிலத்தில் சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, தாழ்வொளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழுமாறு திருகாணிகளைத் திருத்தலாம். 8 மீட்டர் தொலைவில் நிற்பவருடைய 1.5 மீட்டர் உயரக் கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மைய மோட்டார் வண்டி விதிகளின் கருத்து. பின்விளக்கின் சிவப்பொளி 155 மீட்டர் தொலைவிலும் தெரிதல் வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொல்வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் விதி வகுக்கப்பட்டது. அவ்வாறு பதிவு செய்ய விரும்புவோர் வண்டியின் பழைய வடிவைக் காத்தல் வேண்டும். ஆதலின் அறிவுடையோர் உடலைத் துளைக்காமலும் பழைய விளக்குகளை எறியாமலும், வேண்டும்போது மீண்டும் பொருத்தத்தக்க வகையிலேயே மாற்றம் செய்வர்.

பழமையைப் போற்றுதல் வேறு. பழுதைப் போற்றுதல் வேறு. கோயிலின் தொன்மையைக் காப்பவர் அதன் விளக்கை மங்கவிடுவதில்லை. தன் வழியைக் காட்டி, தன் இருப்பை உணர்த்தி, எதிர்வருவோர் கண்ணைக் கூசச் செய்யாது தாழ்ந்து ஒளிரும் விளக்கே நல்விளக்காகும். திருமுக்கூடல் விழாக் கண்டு திரும்பும் வழியில், கைக்குழந்தையோடு சாலையோரம் நடந்து செல்லும் தாய் ஒருத்தி, அவ்விளக்கின் நன்மையை அறியாமலே அதனால் நலமாக வீடு சேர்வாள்.