டர்போ வாங்கும் முன் கியர்பாக்ஸைக் கேளுங்கள்

தியாகராய நகரில் கார் ஓட்டுகிறவருக்கு டர்போவின் அருமை 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழேதான் தெரியும். பனகல் பார்க் சிக்னலில் பச்சை விழுந்து உஸ்மான் சாலை மேம்பாலத்தில் ஏறும்வரை, முள் அதற்கு மேல் போவது அபூர்வம். ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே வண்டி இழுக்கிறதா, சற்று யோசித்துவிட்டு இழுக்கிறதா என்பது அந்தக் கொஞ்ச தூரத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். டர்போவை மாற்ற நினைப்பவர்களில் பலர் இதை மறந்துவிட்டு, 'மொத்தம் எத்தனை குதிரை?' என்று மட்டும் கேட்கிறார்கள்.

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. அன்றாட ஓட்டத்திலிருந்து விலக்கி, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கென்றே ஒதுக்கிய பிறகு அதன் டர்போவை மாற்றினேன். அதில் கற்றவற்றை, அதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சட்டம் முதலில்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சாலையில் ஓட்டப் பதிவு செய்த வண்டியில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணமும் சிக்கலாகும். ஆகவே டர்போ மாற்றிய வண்டி தடத்துக்கு மட்டும்தான். அங்கே போவதும் வருவதும் பிளாட்பெட் லாரியில். கடைவீதிக்குப் போகும் வண்டிக்குக் கம்பெனி டர்போவே போதும்.

குறை டர்போவில்தானா?

'லேக் அடிக்குது' என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்குப் புது டர்போ தேவையே இல்லை. இன்டர்கூலர் ஹோஸில் ஒரு சின்ன விரிசல், தளர்ந்த கிளாம்ப், முழுதாக மூடாத வேஸ்ட்கேட் என ஏதாவது ஒன்று பூஸ்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். புகை விட்டுக் கசிவு பார்க்கும் சோதனையை முதலில் செய்யுங்கள். பிறகு மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து, பூஸ்ட் ஏறும் வேகத்தைத் தடத்தில் பதிவு செய்து வையுங்கள். புது டர்போவை ஒப்பிட உங்களிடம் இருக்கப்போகும் ஒரே அளவுகோல் அதுதான்.

கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?

மேற்கு மாம்பலத்தில் நான் கலந்து பேசிய மூத்த மெக்கானிக் டர்போ பற்றி வாயே திறக்கவில்லை. "சார், வண்டி எங்க ஓடப்போகுது? கியர்பாக்ஸ் எது?" என்றுதான் ஆரம்பித்தார். சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று அப்போதே தெரிந்தது.

என் வண்டியில் இருப்பது ஏழு கியர் டிஎஸ்ஜி; டிக்யூ200 என்ற உலர் கிளட்ச் வகை. அது 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்காக வடிவமைக்கப்பட்டது. எஞ்சினும் 1,250 ஆர்பிஎம்மிலிருந்து 5,000 வரை அதே 250ஐத்தான் கொடுக்கிறது. ஆக, கீழே கூட்டுவதற்கு இடமே இல்லை. 5,000க்கு மேல் டார்க் சரியாமல் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான்.

டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023ஆல் வகுத்தால் பிஎஸ் கணக்கில் பவர் கிடைக்கும். 250ஐ 6,000 வரை இறங்காமல் வைத்தால் 213 பிஎஸ். கம்பெனி கொடுத்தது 180. கியர்பாக்ஸைக் காப்பாற்றிக்கொண்டு எனக்குக் கிடைக்கக்கூடியது இந்த 33தான் என்பது, டர்போவுக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே தெளிவாகிவிட்டது.

ஐஎஸ்20ஆ, ஐஎஸ்38ஆ?

இந்த எஞ்சின் குடும்பத்தில் மூன்று டர்போக்கள் பிரபலம். 1.8இல் வருவது ஐஎஸ்12. கோல்ஃப் ஜிடிஐயில் ஐஎஸ்20. கோல்ஃப் ஆர் காரில் ஐஎஸ்38. எல்லோரும் ஆசைப்படுவது கடைசியை.

கம்பெனி கொடுக்கும் எண்களையே பாருங்கள். 220 பிஎஸ் ஜிடிஐயில் முழு டார்க் 1,500 ஆர்பிஎம்மில் வந்துவிடுகிறது. 300 பிஎஸ் கோல்ஃப் ஆரில் 1,800 ஆக வேண்டும். அவை இரண்டும் 2 லிட்டர் எஞ்சின்கள், 1.8இல் புகை குறைவு என்பதால் இன்னும் தாமதமாகும். பெரிய டர்போ தாமதிக்கக் காரணம், அதன் உள்ளே சுழலும் சக்கரத்தின் எடை பரவியிருக்கும் விதம். ஒரே வடிவச் சக்கரத்தின் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், அதைச் சுழற்றத் தடையாக நிற்கும் நிலைமம் அறுபது சதவீதம் கூடிவிடும். விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் அது ஏறுகிறது.

காற்றையும் கணக்குப் போட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று சுமார் 22 பிஎஸ் தரும். 213 பிஎஸ்ஸுக்குப் பத்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். அதே 250 டார்க் 2,000 ஆர்பிஎம்மில் வேண்டுமென்றால் மூன்று கிலோ சொச்சம்தான். டர்போவின் காற்றளவையும் அழுத்தத்தையும் காட்டும் கம்ப்ரஸர் மேப்பில் இந்த இரண்டு புள்ளிகளையும் வைத்துப் பாருங்கள். பெரிய டர்போவில் கீழ்ப்புள்ளி சர்ஜ் கோட்டுக்கு இடதுபக்கம் போய்விடும். அங்கே காற்று பின்னுக்குத் திரும்பி அடிக்கும். இரண்டு புள்ளிகளும் கோட்டுக்குள் அடங்கும் மிகச் சிறிய டர்போதான் நமக்கு வேண்டியது. நான் ஐஎஸ்20ஐ எடுத்தேன். தடத்தின் மெதுவான வளைவுகளிலிருந்து வெளியே வரும்போது, மிதித்ததும் இழுவை கையில் இருக்கிறது.

வெயிலும் பெட்ரோலும்

வெளிநாட்டு டைனோ எண்களை நம்பி வாங்காதீர்கள். 20 டிகிரி காற்றைவிட நம் கத்திரி வெயிலின் 40 டிகிரி காற்று ஆறு சதவீதம் அடர்த்தி குறைவு. அதே எடைக் காற்றுக்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். உள்ளே போகும் காற்றும் சூடாவதால் நாக்கிங் வரும். உடனே ஈசியூ இக்னிஷனைப் பின்தள்ளி இழுவையைக் குறைத்துவிடும். டர்போவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல இன்டர்கூலருக்கு வையுங்கள். எந்த ஆக்டேனுக்கு ரீமேப் செய்தீர்களோ, அதைவிடக் குறைந்த பெட்ரோல் போடாதீர்கள்.

பழைய டர்போ வாங்கினால்

புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பழையதைப் பார்க்கப் போனால், கம்ப்ரஸர் பக்க நட்டை இரு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் இலேசான ஆட்டம் சாதா புஷ் பேரிங்கில் இயல்பு. முன்னும் பின்னும் கையில் உணரும்படி ஆட்டம் இருந்தால் வேண்டாம். பிளேடு நுனிகளில் சிராய்ப்போ, டர்பைன் வாயில் ஈர ஆயிலோ தெரிந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எது வாங்கினாலும் ஆயில் குழாயும் கேஸ்கெட்டும் புதிதாகவே போடுங்கள்.

டர்போ தேர்வில் என் முடிவு இதுதான்: கியர்பாக்ஸ் எல்லையைக் குறியுங்கள், அதிலிருந்து பவரைக் கணக்கிடுங்கள், அந்தப் பவருக்குப் போதுமான மிகச் சிறிய டர்போவை வாங்குங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், டைனோ தாளில் பெரிய எண்ணும் வண்டியில் எரிந்த கிளட்சும்தான் மிஞ்சும்.